தங்கையின் நோயும் தமக்கையின் தொண்டும்

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரைத் தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியவர் என்றும், சென்னைச் சட்டசபையின் துணைத் தலைவராய் விளங்கியவர் என்றும், ஔவை இல்லத்தை நிறுவியவர் என்றும் நம்மில் பலர் அறிவோம். உயிரியல் பயிலும் எனக்கு அவர் வாழ்வில் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. அதையே இங்கு விரிக்க எண்ணுகிறேன்.

அம்மையார் 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தார். பெண்கள் பள்ளிப் படியேறுவதே அரிதாயிருந்த காலத்தில், ஆடவர் மட்டும் பயின்ற மகாராஜா கல்லூரியில் எதிர்ப்புக்கிடையே சேர்ந்து படித்தார். பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று 1912-இல் பட்டம் பெற்றார்.

1920-களின் தொடக்கத்தில் அவருடைய தங்கைக்கு வயிற்று உபாதை கண்டது. இளம் பெண், சீதபேதி என்று எண்ணி மருந்து கொடுத்து வந்தார்கள். குடலின் கடைப்பகுதியில் புற்று என்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. அக்கா டாக்டர், தங்கையைக் காப்பாற்ற வழியில்லை! இவ்வளவு சிறு வயதில் புற்றுநோய் வருமா என்ற எண்ணமும் அந்த மயக்கத்துக்குக் காரணமாய் இருந்திருக்கும் என்பது என் கருத்து.

இந்த மயக்கம் இன்னும் தீரவில்லை, நண்பர்களே. மார்பகப் புற்றுநோயையே எடுத்துக்கொள்வோம். முதுமையில் வருவது பெரும்பாலும் மெதுவாக வளரும். ஹார்மோன் மருந்துக்கு இணங்கும். நாற்பது வயதுக்குமுன் வருவதோ பல வேளைகளில் மூர்க்கமானது. ஹார்மோன் மருந்துக்குக் கட்டுப்படாத வகையும் இளையோரிடம் மிகுதி. இளம் மார்பகத்தின் திசு அடர்த்தியானதால் எக்ஸ்ரே படத்தில் கட்டி எளிதில் புலப்படாது. இதெல்லாம் உடலின் இயல்பு. ஆனால் பாதித் தீங்கு நம் எண்ணத்தால் விளைகிறது. எங்கள் சிவாஜிநகர்ச் சந்துகளில் பிள்ளை பெற்ற பெண்ணுக்குக் கட்டி தட்டுப்பட்டால் பால் கட்டிக்கொண்டது என்பார்கள். பற்றுப் போட்டு, மாதங்களைக் கடத்துவார்கள். கூப்பிடு தூரத்தில் பௌரிங் மருத்துவமனை இருக்கிறது! கட்டி சிறிதாயிருக்கையில் கண்டால் இளையவளும் பிழைக்கலாம். பரவியபின் கண்டால் எந்த வயதினருக்கும் ஆபத்துதான். பெங்களூரிலும் சென்னையிலும் 1982 முதல் நடந்துவரும் பதிவேடுகள், பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இன்று மார்பகப் புற்றே முதலிடம் பெற்றிருப்பதைக் காட்டுகின்றன. மேல்நாட்டாரைவிட நம் பெண்களிடம் அது ஏறத்தாழ பத்தாண்டு முன்னதாகவே காணப்படுகிறது. நம் நாட்டில் இளையோர் தொகை மிகுதி என்பதும் அதற்கு ஒரு காரணம் என்பதை மறந்துவிடலாகாது.

அம்மையார் கதைக்கு வருகிறேன். மேல்பயிற்சிக்காக இங்கிலாந்து சென்றபோது, புற்றுநோய்க்கென்றே தனி மருத்துவமனை அங்கு நடப்பதைக் கண்டார். அத்தகைய ஒன்று சென்னையிலும் வேண்டும் என்ற ஆசையை, 1935-இல் மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் வெளிப்படையாகச் சொன்னார். புற்று வந்தால் சாவுதானே, அதற்கொரு மருத்துவமனை எதற்கு என்று பொறுப்பிலிருந்தவர்களே கேட்டதாகச் சொல்வார்கள். அம்மையார் சளைக்கவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு வீடு வீடாக, ஊர் ஊராக நிதி திரட்டினார். 1952-இல் பிரதமர் நேரு அடையாற்றில் அடிக்கல் நாட்டினார்.

1954 ஜூன் 18-ஆம் நாள், பன்னிரண்டு படுக்கைகளோடு மருத்துவமனை தொடங்கியது. அம்மையாருக்கு அப்போது அறுபத்தெட்டு நிறையும் தறுவாய்! மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி சிகிச்சைப் பொறுப்பை ஏற்றார். அடுத்த ஆண்டு இளம் டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார். 1968 ஜூலை 22-இல் அம்மையார் மறைந்தபோது, அந்தப் பன்னிரண்டு படுக்கை பெரிய நிலையமாய் வளர்ந்திருந்தது. தங்கை மறைந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன.