சத்தத்தைத் தேடிக் கடலுக்குப் போனவர்

தூரத்து ரயிலின் ஊதல் சில நாள் நம் பால்கனி வரை தெளிவாக வருகிறது, சில நாள் வருவதே இல்லை. கவனித்திருக்கிறீர்களா? இதே மாதிரி ஒரு கேள்விக்கு விடை தேடிக் கடலுக்குப் போனவர் ஜான் டிண்டால்.

1820-இல் அயர்லாந்தில், வசதியில்லாத குடும்பத்தில் பிறந்தார். நில அளவை, ரயில் பாதை அளவை, பள்ளி ஆசிரியர் என்று பல வேலைகள் பார்த்தார். 28 வயதில் வேலையை விட்டுவிட்டு, சேமிப்பை எடுத்துக்கொண்டு ஜெர்மனிக்குப் படிக்கப் போனார். நம் வீட்டுப் பிள்ளை அப்படிச் சொன்னால் விடுவோமா! 1853-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் பேராசிரியரானார்.

பாடம் நடத்துவதில் மன்னர். ஐந்து பையன்களை வரிசையாக நிற்க வைப்பார். முன்னால் நிற்பவன் முதுகில் ஒவ்வொருவனும் கை வைத்திருக்க வேண்டும். கடைசிப் பையனை இவர் தள்ளுவார். அவன் அடுத்தவனைத் தள்ளிவிட்டு நிமிர்ந்துகொள்வான். இப்படியே போய், முன்னால் யாருமில்லாத முதல் பையன் மட்டும் சாய்வான். காற்றில் சத்தம் போவதும் இப்படித்தான். காற்று நகர்வதில்லை, தள்ளல் மட்டுமே நகர்கிறது. காமர்ஸ் படித்த எனக்கே இது புரிந்துவிட்டது. இன்னொன்று: நீண்ட தகரக் குழாயில் புகையை நிரப்பி, ஒரு முனையில் இரண்டு புத்தகங்களைப் படாரென்று தட்டுவார். மறுமுனையில் மெழுகுவத்திச் சுடர் துடிக்கும், ஆனால் புகை வெளியே வராது.

மூடுபனியில் கலங்கரை விளக்கம் தெரியாது. மாலுமிக்குக் காதுதான் துணை. ஆனால் மூடுபனி சத்தத்தை அமுக்கிவிடும் என்று 150 வருஷத்துக்கு மேலாக நம்பி வந்தார்கள். 1873-இல் டோவர் அருகே கரையில் பீரங்கி, ஊதுகுழல், நீராவிச் சைரன் எல்லாவற்றையும் ஒலிக்கச் செய்து, டிண்டால் கப்பலில் போய்க் கேட்டார். கணக்கு தலைகீழாக வந்தது. பளிச்சென்ற வெயில் நாளில் இரண்டு மூன்று மைலிலேயே சத்தம் காணாமல் போனது. மப்பு மந்தாரமான நாட்களிலோ நன்றாகக் கேட்டது. அந்த டிசம்பரில் லண்டனைக் கடும் மூடுபனி மூடியபோதும் சோதித்துப் பார்த்தார், அங்கும் அப்படியே. வெப்பமும் ஈரமும் திட்டுத்திட்டாகக் கலந்த, கண்ணுக்குத் தெரியாத காற்றுதான் சத்தத்தைத் திருப்பி அனுப்புகிறது என்றார். காற்றடுக்குகளில் சத்தம் வளைவதே முக்கியக் காரணம் என்று வேறு அறிஞர்கள் வாதிட்டார்கள். எப்படியும், மூடுபனியின் மீதிருந்த பழி நீங்கியது. சத்தம் கேட்கவில்லை என்றால் பாறை தூரத்தில் இருக்கிறது என்று நம்பும் கப்பலின் கதியை யோசித்துப் பாருங்கள்.

அதற்கு முன் அமெரிக்காவில் சொற்பொழிவாற்றிக் கிடைத்த லாபம் முழுவதையும் அங்குள்ள அறிவியல் மாணவர்களுக்கே அறக்கட்டளையாக வைத்துவிட்டு வந்தார்.

1893 டிசம்பரில், உடல்நலமில்லாத அவருக்கு மனைவி லூயிசா மருந்து கொடுத்தபோது பாட்டில் மாறிவிட்டது. தூக்க மருந்து அளவுக்கு மீறிப் போய் அன்றே இறந்தார். லூயிசா அதன்பின் 46 ஆண்டுகள் வாழ்ந்து, கணவரின் கடிதங்களையும் குறிப்புகளையும் திரட்டினார். டிண்டாலின் வாழ்க்கை வரலாறு 1945-இல்தான் வெளிவந்தது. அதைப் பார்க்க அந்த அம்மாள் இல்லை.