தசையின் இரகசியங் கண்ட ஜீன் ஹன்சன்

தசை சுருங்குங்கால் அதன் இழைகளுஞ் சுருங்குகின்றன என்றே அறிஞர் பலர் முன்பு எண்ணினர். அக்கொள்கையை மாற்றியோருள் ஒருவர் இங்கிலாந்திற் பிறந்த ஜீன் ஹன்சன் அம்மையார் (1919–1973). அமெரிக்காவில் ஹியூ ஹக்ஸ்லியுடன் ஆராய்ந்த அவர், இழைகள் நீளங் குன்றாமலே ஒன்றையொன்று வழுக்கிச் செல்கின்றன என 1954இல் எடுத்துரைத்தார். ஐயுற்றோர் பலர், அம்மையார் சான்று தேடுவதில் ஓயவில்லை.

இலண்டன் கிங்ஸ் கல்லூரியில், ஜக் லோவியுடன் இலத்திரன் நுணுக்குக்காட்டி கொண்டு அக்தின் என்னும் புரதவிழையை நோக்கினார். மணிகள் கோத்த இரு சரங்களை முறுக்கினாற்போன்றது அதன் அமைப்பு என்று 1963இற் காட்டினார். தசையில் மட்டுமன்றி ஏனைய கலங்களிலும் வன்கூட்டின் உறுப்பாய் நின்று உருவும் அசைவுந் தருவது அவ்விழையே.

1967இல் இலண்டன் அரச கழகம் அவரை உறுப்பினராக்கியது. 53 வயதில் மறைந்தார். ஐயத்துக்குச் சான்றால் விடையிறுத்த அவ்வாழ்வை, மாணாக்கர் கற்கத்தக்க நல்லிலக்கணமென்பேன் யான்.