மாதம் 10 வெள்ளியில் வாங்கிய தோட்டம்

துன் வீ.தி. சம்பந்தன் 1919-இல் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். தந்தை ரப்பர் தோட்டக்காரர். 1955-இல் ம.இ.கா. தலைவரானார், பிறகு அமைச்சர்.

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றனர், வாங்கியவர்கள் துண்டாடினர். வேலையும் லயத்து வீடும் ஒருசேரப் போயின. செடெனாக் போன்ற தோட்டப்புறத்து மக்களுக்கு இதன் வலி விளக்காமலே புரியும். விற்பனையை நிறுத்துவது அமைச்சரான அவர் கையிலும் இல்லை. பால்மரம் வெட்டுவோரின் சம்பளம் அவர்கள் கையில் இருந்தது. 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய், பங்குக்கு மாதம் 10 வெள்ளி கட்டச் சொன்னார். அன்றைய கூலிக்கு அது பெரிய தொகைதான். கட்டினார்கள். மறு ஆண்டே கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்துக்குச் சொந்தமானது.

1979-இல் சம்பந்தன் மறைந்தபோது, தந்தைவழி நிலத்தில் பெரும்பகுதி பொதுவாழ்வில் கரைந்திருந்தது.