சீட்டைப் பின்னுக்குத் தள்ளியவர்

சிக்னலில் பச்சை விழுந்ததும் பைக் த்ராட்டிலை ஒரே முறுக்கா முறுக்கிப் பாத்திருப்பீங்க. முன்சக்கரம் லேசாகிற மாதிரி இருக்கும். பின்னாடி உட்கார்ந்திருக்கும் நண்பன் சட்டென்று நம்ம தோளைப் பிடிப்பான். வண்டியின் எடை எங்கேயும் போகவில்லை. முன்சக்கரத்தின் மேல் இருந்த பாரத்தில் கொஞ்சம் பின்சக்கரத்துக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான். இதுக்கு நாம வைத்திருக்கும் பேர் வெயிட் ட்ரான்ஸ்ஃபர். மூன்றாம் செமஸ்டரில் இரண்டு மார்க் கேள்வியாகப் படித்துவிட்டு மறந்துவிடுவோம். ஆனால் ஒரு மனிதர் தன் வாழ்நாள் முழுக்க இந்த இரண்டு மார்க் கேள்வியோடுதான் மல்லுக்கு நின்றார். அவர் பேர் மிக்கி தாம்ப்சன்.

1928 டிசம்பர் 7 அன்று அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் உள்ள அல்ஹாம்ப்ராவில் பிறந்தார். நம்மள மாதிரி டிகிரி முடித்து வந்தவர் இல்லை. லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் பத்திரிகையின் அச்சு இயந்திரப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே கார் கட்டியவர். அந்தக் காலத்தில் அங்கே இளைஞர்கள் பழைய ஃபோர்ட் கார்களை வாங்கி, தேவையில்லாததை எல்லாம் கழற்றிவிட்டு, பெரிய எஞ்சினைப் பொருத்தி ஓட்டுவார்கள். பந்தயம் ரொம்ப எளிமையானது. இரண்டு கார், நேர்க்கோடு, கால் மைல் தூரம், அதாவது 402 மீட்டர். நின்ற இடத்தில் இருந்து கிளம்பி யார் முதலில் போய்ச் சேர்கிறார்களோ அவர் ஜெயித்தார். இதுதான் ட்ராக் ரேஸ்.

1950களின் தொடக்கத்தில் இந்தக் கார்களுக்கு ஒரு பிரச்சினை வந்தது. எஞ்சினில் சக்தி கூடிக்கொண்டே போனது, ஆனால் டயரால் அதைத் தரையில் இறக்க முடியவில்லை. கிளட்ச்சை விட்டதும் பின்டயர் சுழன்று புகைதான் வரும், கார் நகராது. எல்லாரும் இன்னும் பெரிய எஞ்சினைத் தேடினார்கள். தாம்ப்சன் வேறு பக்கம் பார்த்தார். டயரின் பிடி அதன் மேல் அழுத்தும் பாரத்தைப் பொறுத்தது. அப்படியென்றால் பாரத்தைப் பின்டயருக்குக் கொண்டு போக வேண்டும். காரில் எளிதாக இடம் மாற்றக்கூடிய பெரிய பாரம் எது? ஓட்டுகிற ஆள்தான். 1954இல் அவர் கட்டிய காரில் ஓட்டுநர் சீட் பின் ஆக்ஸிலுக்கும் பின்னால் போய்விட்டது. ஓட்டுகிறவர் உண்டிவில்லில் வைத்த கல் மாதிரி கடைக்கோடியில் உட்கார்ந்திருப்பார். அதனால் இந்த வகைக் காருக்கு ஸ்லிங்ஷாட் என்றே பேர் வந்தது.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஒரு கணக்கு போட்டுப் பாக்கலாம். எண்கள் நான் வசதிக்காக எடுத்துக்கொண்டவை. கார் 700 கிலோ, வீல்பேஸ் 2.5 மீட்டர், ஈர்ப்பு மையம் தரையில் இருந்து அரை மீட்டர் உயரத்தில். முன்னும் பின்னும் 350 கிலோ சமமாக இருக்கட்டும். 0.5 ஜி வேகமுடுக்கத்தில் கிளம்பினால் முன்னால் இருந்து பின்னால் போகும் பாரம், 700 × 0.5 × 0.5 ÷ 2.5, அதாவது 70 கிலோ. பின்னால் 420 ஆகிவிட்டது. இப்போ 80 கிலோ எடையுள்ள ஓட்டுநரை 1.25 மீட்டர் பின்னால் தள்ளுங்க. இன்னும் 40 கிலோ பின்னால் சேர்ந்து 460 ஆகும். எஞ்சினில் ஒரு குதிரைத்திறன்கூடக் கூட்டாமல் கிட்டத்தட்ட 10 சதவீதம் கூடுதல் பிடி!

ஆனால் அதே கணக்கின் மறுபக்கத்தையும் பாருங்க. முன்னால் 350 இருந்த இடத்தில் இப்போ 240தான் இருக்கிறது. பின்னால் சேர்த்த ஒவ்வொரு கிலோவும் முன்னால் இருந்து எடுத்தது. ஸ்டியரிங் முன்சக்கரத்தில்தான் இருக்கிறது.

சஸ்பென்ஷன் பற்றியும் இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் டீமில் வண்டி கட்டும்போது, பின் ஸ்ப்ரிங்கை மென்மையாக்கினால் அதிகப் பாரம் பின்னால் போகும் என்று நான் அடம்பிடித்தேன். தப்பு. மேலே இருக்கும் கணக்கில் ஸ்ப்ரிங் எங்கேயுமே வரவில்லை, பாத்தீங்களா? எவ்வளவு பாரம் போகும் என்பதை எடை, உயரம், வீல்பேஸ், முடுக்கம் இந்த நான்கும்தான் முடிவு செய்கின்றன. கார் உட்காரும்போது உயரம் மாறினால் சின்ன வித்தியாசம் வரும், அவ்வளவே. அந்தப் பாரம் எவ்வளவு சீக்கிரம் டயருக்குப் போய்ச் சேரும், போகும்போது டயரை அடிக்குமா அல்லது மெதுவாக அழுத்துமா என்பதைத்தான் ஸ்ப்ரிங்கும் டாம்பரும் தீர்மானிக்கும். ஸ்லிங்ஷாட் கார்களில் பின்பக்கம் ஸ்ப்ரிங்கே கிடையாது, ஆக்ஸில் நேராக ஃப்ரேமோடு சேர்ந்திருக்கும். அங்கே டயரின் ரப்பரும் காற்றும்தான் ஸ்ப்ரிங் வேலையைப் பார்த்தன.

1955இல் லாங் பீச் பக்கத்தில் லயன்ஸ் ட்ராக் ஸ்ட்ரிப் என்ற பந்தயத் தளம் திறந்தது. அதை நடத்தும் பொறுப்பு தாம்ப்சனுக்கு வந்தது. பந்தயம் ஓட்டுவது, கார் கட்டுவது, தளம் நடத்துவது எல்லாம் ஒரே ஆள்.

அடுத்து அவர் பார்வை பான்வில் உப்புச் சமவெளி மேல் விழுந்தது. 1947இல் பிரிட்டனின் ஜான் காப் மணிக்கு 394 மைல் வேகத்தில் வைத்த உலகச் சாதனை அப்படியே இருந்தது. தாம்ப்சன் நான்கு பான்டியாக் எஞ்சின்களை வைத்து சேலஞ்சர் 1 என்ற காரைக் கட்டினார். உப்புத் தரையில் பிடி குறைவு என்பதால் இந்த முறை பின்பக்கத்தை மட்டும் நம்பவில்லை. இரண்டு எஞ்சின் முன்சக்கரங்களுக்கு, இரண்டு எஞ்சின் பின்சக்கரங்களுக்கு. 1960 செப்டம்பர் 9 அன்று மணிக்கு 406.60 மைல், அதாவது 654 கிலோமீட்டர் வேகத்தில் போனார். 400 மைலைத் தாண்டிய முதல் அமெரிக்கர் அவர்தான். ஆனால் சாதனைப் புத்தகத்தில் ஏற, ஒரு மணி நேரத்துக்குள் எதிர்த்திசையிலும் ஓடி சராசரி காட்ட வேண்டும். திரும்பும் ஓட்டத்தில் ட்ரைவ் ஷாஃப்ட் போய்விட்டது. சாதனை அவர் பேரில் ஏறவே இல்லை.

பிறகு இண்டியானபோலிஸ் 500. 1962இல் பெரும்பாலான கார்களில் எஞ்சின் முன்னால் இருந்தபோது இவர் எஞ்சினைப் பின்னால் வைத்துக் கொண்டு போனார். 1963இல் 12 அங்குலச் சின்னச் சக்கரங்களோடு தரையை ஒட்டிய காரைக் கட்டினார். அடுத்த வருடம் சக்கரம் குறைந்தது 15 அங்குலம் இருக்க வேண்டும் என்று விதி மாறியது. சின்னச் சக்கரத்துக்காக வரைந்த காரைப் பெரிய சக்கரத்துக்கு மாற்ற வேண்டி வந்தது. வேகம் கூடக்கூட முன்பக்கம் மேலே தூக்குகிறது என்று ஓட்டுநர்கள் புகார் சொன்னார்கள். அனுபவமுள்ள ஓட்டுநர் ஒருவர் பயிற்சியில் விபத்துக்குள்ளாகி அணியை விட்டே விலகினார்.

1964 மே 30. பந்தயத்தின் இரண்டாவது சுற்றில், தாம்ப்சனின் காரை ஓட்டிய டேவ் மக்டொனால்டு நான்காவது திருப்பத்தில் இருந்து வெளியே வரும்போது கட்டுப்பாட்டை இழந்தார். கார் உள்சுவரில் மோதி, பெட்ரோல் தீப்பிடித்து, மறுபடி தடத்துக்குள் சறுக்கி வந்தது. பின்னால் வந்த எடி சாக்ஸ் அதில் மோதினார். இருவருமே இறந்துவிட்டார்கள். மக்டொனால்டுக்கு 27 வயது, அதுதான் அவருடைய முதல் இண்டி 500. விபத்தால் அந்தப் பந்தயம் நிறுத்தப்பட்டது அதுவே முதல் முறை. அதற்குப் பிறகு அங்கே கார்கள் பெட்ரோலை விட்டு மெத்தனாலுக்கு மாறின.

பின்சக்கரத்துக்குப் பிடி தேடி உலகத்துக்கே வழி காட்டிய ஒருவருடைய அணியில், முன்பக்கம் நிலைக்கவில்லை என்ற புகார் இருந்தும் கார் தடத்துக்கு வந்தது. அவர் வாழ்க்கையில் என்னை ரொம்ப நேரம் நிறுத்திவைத்த இடம் இதுதான்.

ஸ்லிங்ஷாட்டுக்கும் ஒரு விலை இருந்தது. ஓட்டுநரின் முன்னாலேயே எஞ்சின், காலுக்கு நடுவில் கிளட்ச்சும் கியர்பாக்ஸும். 1970 மார்ச்சில் அதே லயன்ஸ் தளத்தில் டான் கார்லிட்ஸ் ஓட்டிய காரில் கியர்பாக்ஸ் வெடித்து அவருடைய வலது பாதத்தின் ஒரு பகுதி போய்விட்டது. அவர் ஆளை முன்னுக்குக் கொண்டு வந்து, எஞ்சினைப் பின்னால், பின் ஆக்ஸில் பக்கத்தில் வைத்து 1971இல் ஜெயித்துக் காட்டினார். சில வருடங்களில் ஸ்லிங்ஷாட் மறைந்தது. பாரம் பின்னால் இருக்க வேண்டும் என்ற தாம்ப்சனின் எண்ணம் மறையவில்லை. பின்னால் இருக்க வேண்டியது ஆள் இல்லை, எஞ்சின் என்று மாறியது.

தாம்ப்சன் 1963இல் தொடங்கிய டயர் கம்பெனி இன்றும் அவர் பேரில் இருக்கிறது. 1973இல் பாலைவனப் பந்தயங்களை நடத்த ஸ்கோர் என்ற அமைப்பை உருவாக்கினார். 1988 மார்ச் 16 அன்று காலை, அவரும் மனைவி ட்ரூடியும் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவருக்கு 59 வயது. பழைய தொழில் கூட்டாளி ஒருவர் குற்றவாளி என்று தீர்ப்பு வர 2007 வரை ஆனது.

1968இல் அவர் கட்டிய சேலஞ்சர் 2 பல வருடம் ஓடாமல் கிடந்தது. மகன் டேனி அதை மறுபடி தயார் செய்து, 2018இல் அதே பான்வில் உப்பில் இரண்டு ஓட்டங்களும் முழுசாக முடித்தார். சராசரி மணிக்கு 448.757 மைல். அப்பாவுக்கு நடக்காத அந்தத் திரும்பும் ஓட்டம் மகனுக்கு நடந்தது.

எங்கள் வண்டியை அடுத்த முறை நாலு தராசு மேல் ஏற்றும்போது பின்சக்கரத்தின் எண்ணை மட்டும் பார்த்துச் சந்தோஷப்படக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறேன். முன்சக்கரத்தின் எண்ணையும் எழுதி வைக்கணும். முன்பக்கம் லேசா இருக்கு என்று ஓட்டுகிற பையன் சொன்னால், அன்றைக்கு வண்டி கிளம்பக் கூடாது.