விரல்களால் கேட்ட மருத்துவர்

மட்டாஞ்சேரியில் இன்று ஒரு குழந்தை பிறந்தால், அதன் உதடும் நாக்கும் செந்நிறமாக உள்ளனவா என்று மருத்துவர் பார்க்கிறார். இதயத்தில் பிறவிக் குறை தெரிந்தால், 2017இல் கேரள அரசு தொடங்கிய ‘ஹிருத்யம்’ திட்டத்தின் வழியாகக் கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். நூறு ஆண்டுகளுக்கு முன் அத்தகைய குழந்தைகளின் நிலை வேறு. அவர்கள் உடல் நீலம் பாரித்து, நாலடி நடந்ததும் குந்தி அமர்ந்து மூச்சு வாங்குவர். மருத்துவர்கள் கைவிரித்துவிடுவர்.

அந்நிலையை மாற்றிய ஹெலன் டாசிக், 1898ஆம் ஆண்டு அமெரிக்காவில் பிறந்தார். இளமையில் எழுத்துக்கூட்டிப் படிக்கவே இடர்ப்பட்டார். பதினொரு வயதில் தாயை இழந்தார். பேராசிரியரான தந்தை பொறுமையுடன் மகளுக்குப் படிக்கக் கற்பித்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகம் அந்நாளில் பெண்களுக்கு மருத்துவப் பட்டம் வழங்கவில்லை. எனவே, ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பயின்று 1927இல் மருத்துவரானார். பின்னர் செவித்திறன் குன்றியது. இதய ஒலியைக் கேட்டே நோயறிய வேண்டிய மருத்துவருக்கு இதைவிடப் பெரிய இழப்பு ஏது? அவரோ குழந்தைகளின் மார்பில் விரல்களை வைத்து, துடிப்பின் அதிர்வை உணரப் பழகினார்.

நீலக் குழந்தைகள் பலருக்கு நுரையீரலுக்குச் செல்லும் குருதி குறைவு என்பதை டாசிக் கண்டறிந்தார். கருவில் எல்லாக் குழந்தைகளுக்கும் இதயத்தின் அருகே ஒரு சிறு இணைப்புக் குழாய் உண்டு. பிறந்தபின் அது மூடிக்கொள்ளும். அது மூடியதும் இக்குழந்தைகளின் நிலை மோசமானது. அப்படியானால், அதைப் போன்ற வழி ஒன்றைப் புதிதாக அமைத்தால் என்ன?

பாஸ்டன் நகர அறுவை மருத்துவர் ஒருவர் இக்கருத்தில் ஆர்வம் காட்டவில்லை. ஆல்ஃப்ரெட் பிளாலாக் ஏற்றுக்கொண்டார். அவருடைய உதவியாளர் விவியன் தாமஸ், நாய்களிடம் சோதித்து அறுவை முறையை உருவாக்கினார். கறுப்பினத்தவரான அவர் பெயர் 1945இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் இடம்பெறவில்லை. 1944 நவம்பர் 29 அன்று, பதினைந்து மாதமே ஆன, நான்கு கிலோ எடையுள்ள பெண் குழந்தைக்கு முதல் அறுவை நடந்தது. கைக்குச் செல்லும் குருதிக்குழாயை நுரையீரல் குழாயுடன் இணைத்தனர். அக்குழந்தை சில மாதங்களே வாழ்ந்தது. எனினும், மூன்றாவதாக அறுவை செய்யப்பட்ட சிறுவனின் உதடுகள் மேசையிலேயே சிவந்தன. அதன்பின் பல நாடுகளிலிருந்தும் பெற்றோர் தம் நீலக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்தனர்.

டாசிக்கிடம் பயில மருத்துவர்களும் வந்தனர். அவர்களுள் ஒருவர் எஸ். பத்மாவதி. பர்மாவில் பிறந்த அவர், போரினால் குடும்பத்துடன் கோயம்புத்தூருக்கு இடம்பெயர்ந்தவர். 1953இல் தில்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் பணியேற்று, அங்கே இதய நோய்ப் பிரிவைத் தொடங்கினார். டாசிக் 1986இல் சாலை விபத்தில் மறைந்தார்.