முதலில் பேப்பர், பிறகு கம்ப்யூட்டர்!



ரெக்கார்டு நோட்டில் ப்ளோசார்ட் எப்போது வரையப்படுகிறது? புரோகிராம் ஓடி, அவுட்புட் வந்து, கையெழுத்து வாங்கப் போவதற்கு முதல் நாள் ராத்திரி! பலருடைய வழக்கம் இதுதான். ஆனால் ப்ளோசார்ட்டைக் கம்ப்யூட்டர் உலகத்துக்குக் கொண்டுவந்தவர் அதை எதற்காக வரைந்தார் என்று படித்தபோது எனக்கு ஒரே ஆச்சரியம். அவர்தான் ஜான் வான் நியூமன். 'வான் நியூமன் ஆர்க்கிடெக்சர்' என்று நம் பாடத்தில் வருகிறாரே, அவரேதான்.

ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில், 1903 டிசம்பர் 28-ல், ஒரு யூத வங்கியாளர் வீட்டில் பிறந்தார். பையனுக்குக் கணக்கு என்றால் உயிர். அப்பாவுக்கோ, கணக்கு சோறு போடுமா என்ற கவலை. நம்ம வீட்டுக் கதைதான்! கடைசியில் ஒரு சமரசம்: கணக்கோடு கெமிக்கல் இன்ஜினியரிங்கும் படிக்க வேண்டும். 1926-ல் சூரிச்சில் கெமிக்கல் இன்ஜினியரிங் டிப்ளமோ. அதே வருடம் புடாபெஸ்ட்டில் கணிதத்தில் டாக்டர் பட்டம். அந்த ஊர் டிப்ளமோ பட்டப் படிப்புக்குச் சமம் என்றாலும், அவரும் டிப்ளமோ ஹோல்டர்தான் என்று நாம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்!

1930-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனுக்குப் போனார். 1933-ல் அங்குள்ள உயர் ஆய்வுக் கழகத்தில் பேராசிரியர். ஐன்ஸ்டைனுக்குச் சக ஊழியர். இரண்டாம் உலகப் போரின்போது அணுகுண்டுத் திட்டத்தில் சேர்ந்தார். 1945 ஆகஸ்ட் 9-ல் நாகசாகியில் விழுந்த குண்டின் வடிவமைப்பில் அவருடைய கணக்குகளுக்கும் பங்கு உண்டு. இதை மறைத்துவிட்டு அவரைப் புகழ எனக்கு மனசு வரவில்லை.

1944-ல் ஒரு ரயில் நிலையத்தில் ஹெர்மன் கோல்ட்ஸ்டைன் என்ற ராணுவ அதிகாரியைச் சந்தித்தார். அவர் மூலம் எனியாக் கம்ப்யூட்டர் அறிமுகமானது. சுமார் 18,000 வால்வுகள்! ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டுமானால் வயர்களைப் பிடுங்கி மாற்றிச் செருக வேண்டும். அதற்கே நாள்கணக்கில் ஆகும். புரோகிராமையும் மெமரியிலேயே வைக்கலாம் என்ற யோசனை 1945-ல் ஓர் அறிக்கையாக வந்தது. எக்கர்ட், மாக்லி ஆகியோரோடு கூடிப் பேசி உருவான அந்த அறிக்கையில் வான் நியூமன் பெயர் மட்டும் இருந்தது. மற்ற இருவருக்கும் வருத்தம். நியாயமான வருத்தம்தான்.

இப்போது நம் விஷயம். 1947-ல் வான் நியூமனும் கோல்ட்ஸ்டைனும், புரோகிராம்களைத் திட்டமிடுவது பற்றி ஓர் அறிக்கைத் தொடரை வெளியிட ஆரம்பித்தார்கள். கட்டங்களும் அம்புக்குறிகளும் கொண்ட 'ப்ளோ டயகிராம்' அதில்தான் விரிவாக வந்தது. வேடிக்கை என்னவென்றால், அவர்கள் மனதில் வைத்திருந்த பிரின்ஸ்டன் கம்ப்யூட்டர் அப்போது கட்டி முடிக்கப்படவே இல்லை! 1952-ல் அது முறைப்படி செயல்பாட்டுக்கு வந்தபோது மெமரி 1,024 வேர்டுகள், ஒவ்வொன்றும் 40 பிட். மொத்தம் 5 கிலோபைட்தான். ஓட்டிப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம் என்ற வசதி அவர்களுக்கு ஏது? பேப்பரில்தான் யோசித்தாக வேண்டும்.

அவர்கள் எடுத்துக்கொண்ட கணக்குகளில் ஒன்று, வரிசையாக உள்ள இரண்டு பட்டியல்களை ஒன்றாக்குவது. அதை நம் பாணியில் பார்ப்போம். ரிஜிஸ்டர் எண்படி அடுக்கிய இரண்டு விடைத்தாள் கட்டுகள்: ஒன்றில் 7, 30, 33, மற்றதில் 12, 25, 40.

1. இரண்டு கட்டிலும் மேலே உள்ள எண்ணைப் பார்.
2. சிறியதை எடுத்துப் புதுக் கட்டின் அடியில் சேர்.
3. மறுபடி 1-க்குப் போ.

சரியாகத்தானே இருக்கிறது? ஓட்டிப் பாருங்க. 7, 12, 25, 30, 33... முதல் கட்டு காலி! 40-ஐ இப்போது எதோடு ஒப்பிடுவது? படமாக வரைந்தால், சுற்றிவரும் அம்புக்கு வெளியே போக வழியில்லை என்பது கண்ணிலேயே தெரிந்துவிடும். 1-க்கு முன்னால் ஒரு கேள்விக் கட்டம் போடுங்கள்: ஏதாவது ஒரு கட்டு காலியா? ஆம் என்றால் மற்றதில் மீதியை அப்படியே அடியில் சேர்த்துவிட்டு நிறுத்து. இல்லை என்றால் 1-க்குப் போ. மூன்றாவது படியின் அம்பும் இந்தக் கேள்விக்கே திரும்பட்டும்.

அவர்கள் படத்தில் இன்னொரு கட்டமும் உண்டு: இந்த இடத்துக்கு வரும்போது எது உண்மையாக இருக்க வேண்டும் என்று எழுதும் கட்டம். நம் உதாரணத்தில், புதுக் கட்டு எந்த நேரத்திலும் வரிசையாகவே இருக்கும் என்பது அது. நாம் வரையும் ப்ளோசார்ட்டில் இது காணாமல் போய்விட்டது. சி மொழியில் 'அசர்ட்' என்று இருப்பது இதே எண்ணம்தான்.

படம் போட்டால் மட்டும் போதாது, அதைக் கோடாக மாற்றுவதும் பெரிய வேலை. 1948-ல் எனியாக்கில் ஓடிய நியூட்ரான் கணக்குகளுக்கு அந்த வேலையைச் செய்தவர்களில் முக்கியமானவர், வான் நியூமனின் மனைவி கிளாரா. நம் வகுப்புத் தோழிகள் இந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளட்டும்!

1957 பிப்ரவரி 8-ல், வாஷிங்டன் ராணுவ மருத்துவமனையில், புற்றுநோயால் வான் நியூமன் காலமானார். வயது 53தான்.

நண்பர்களே, இன்று நம்மிடம் மெமரிக்குப் பஞ்சமில்லை. எத்தனை தடவை வேண்டுமானாலும் ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் வெளியேற வழியில்லாத லூப், எவ்வளவு வேகமான மெஷினிலும் வெளியேறாது. கீபோர்டில் கை வைப்பதற்கு முன் பத்து நிமிஷம் பென்சிலைப் பிடிப்போம். ப்ளோசார்ட் மார்க்குக்காக அல்ல, நமக்காக!