ஜான் பாய்டு டன்லப்

ஜான் பாய்டு டன்லப் (பெப்ரவரி 5, 1840 – அக்டோபர் 23, 1921) காற்றடைத்த டயரை நடைமுறைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்த ஸ்காட்லாந்துக் கால்நடை மருத்துவர் ஆவார். சென்னை அம்பத்தூரில் டயர் தொழிற்சாலை இருந்த பகுதியின் பேருந்து நிறுத்தம் இவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

வாழ்க்கை

எடின்பரோவில் கால்நடை மருத்துவம் பயின்ற டன்லப், 1867ல் அயர்லாந்துக்குக் குடிபெயர்ந்து, பின்னர் பெல்பாஸ்ட் நகரில் மருத்துவம் செய்துவந்தார். கெட்டி ரப்பர் சக்கரங்கள் பூட்டிய முச்சக்கர மிதிவண்டியில் மகன் கரடுமுரடான தெருக்களில் குலுங்கிச் செல்வதைக் கண்ட இவர், 1887 அக்டோபரில் ரப்பர் தகட்டால் குழாய் செய்து, காற்றடைத்து, ஒரு மரவட்டின் விளிம்பில் பொருத்தினார். முற்றத்தில் உருட்டிப் பார்த்தபோது அது பழைய சக்கரத்தைக் காட்டிலும் நெடுந்தூரம் ஓடியது. 1888ல் காப்புரிமம் பெற்றார். மறு ஆண்டு மே மாதம் பெல்பாஸ்டில் நடந்த பந்தயங்களில் வில்லி ஹியூம் என்ற வீரர் இந்த டயர்களுடன் வென்றார். அதன் பிறகே வணிகர்கள் இதனைத் தேடி வந்தனர்.

காப்புரிமம் நிலைக்கவில்லை. ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற மற்றொரு ஸ்காட்லாந்துக்காரர் 1845லேயே குதிரை வண்டிகளுக்காக இதே கருத்துக்குக் காப்புரிமம் பெற்றிருந்தார். இது டன்லப்புக்குத் தெரியாது. 1890ல் உரிமம் செல்லாது என்று ஆனபோது, வெல்ச், பார்ட்லெட் ஆகியோரின் காப்புரிமங்களை வாங்கியே நிறுவனம் பிழைத்தது. டன்லப் 1895ல் விலகினார். அடுத்த ஆண்டு நிறுவனம் 30 இலட்சம் பவுண்டுக்கு விற்கப்பட்டது. உலகெங்கும் பெயர் பரவிய போதும் இவருக்குப் பெருஞ்செல்வம் சேரவில்லை. டப்ளினில் ஒரு துணிக்கடையில் பங்கு கொண்டு வாழ்ந்து, அங்கேயே காலமானார். இவரது நினைவுக்குறிப்புகளை இவர் மறைவுக்குப் பின் மகள் வெளியிட்டார்.

பஞ்சர்

டன்லப்பின் முதல் டயரில் பெருங்குறை ஒன்று இருந்தது. துணி சுற்றிச் சக்கரத்தோடு ஒட்டப்பட்டிருந்ததால், பஞ்சர் ஒட்டுவதற்குச் சுற்றியவை அனைத்தையும் பிரிக்க வேண்டும். 1889ல் பிரான்சில் எதுவார் மிச்சலின் அத்தகைய ஒரு டயரைச் சீராக்க மூன்று மணி நேரத்துக்கு மேல் உழைத்து, பசை காய ஓர் இரவும் காத்திருந்தார். 1891ல் மிச்சலின் சகோதரர்கள் கழற்றி மாட்டும் டயரை உருவாக்கினர். நம் ஊர்ச் சைக்கிள்களில் வால்வு டியூப் செருகப்படும் வால்வுக்கும் டன்லப் பெயரே வழங்குகிறது. ஆனால் அதனை வடிவமைத்தவர் உட்ஸ் என்பவர்.

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் கொண்டை ஊசி வளைவுகளில் ஏலத்தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளும், கீழே ஊருக்குள் ஓடும் சைக்கிள்களும் காற்றை நம்பியே ஓடுகின்றன. கெட்டி ரப்பர் சக்கரத்தில் அம்மலைச்சாலையில் ஒருமுறை ஏறி இறங்கினால் டன்லப்பின் மகன் பட்ட பாடு விளங்கும். ஆனால் காற்றடைத்த டியூப்புக்குக் கருவேல முள் பகை. இதற்காகவே இப்போது இரப்பர்ப்பாலும் நுண்ணிழைகளும் கலந்த அடைப்புத் திரவம் டியூப்பினுள் ஊற்றப்படுகிறது. முள் குத்தியதும் வெளியேறும் காற்று திரவத்தைத் துளைக்குள் தள்ள, அது அங்கேயே உறைந்து அடைக்கிறது. பெரிய கிழிசலையும் வால்வு அடியில் ஏற்படும் வெடிப்பையும் இது அடைக்காது.

அத்தகைய டியூப்பை வழக்கம்போல் ஒட்டினால் ஒட்டு நிற்பதில்லை. கசியும் திரவம் சொல்யூஷனைப் பிடிக்க விடாது. துளையை மேற்பக்கமாக வைத்து, காற்றை முழுவதும் இறக்கி, ஈரத்தைத் துடைத்து உலர்த்திய பின்பே உப்புத்தாளால் தேய்த்துச் சொல்யூஷன் தடவ வேண்டும். சொல்யூஷன் காய்ந்து பிசுபிசுப்பு நிலைக்கு வந்ததும் ஒட்டை வைத்து அழுத்துவர். சில நிமிடங்கள் கழித்தே காற்று நிரப்பப்படும்.